விலா எலும்பில் ஒரு புள்ளி: அப்பாவின் ஆபரேஷனை நிறுத்த வேண்டுமா?

ஒரு மகள் எழுதிய நீண்ட கடிதம் இது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அப்பாவுக்கு வயது 66. சர்க்கரை நோய் உண்டு, மற்றபடி திடமானவர். பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தின் ரத்த அளவு) 16 என்று வந்ததால் பயாப்ஸி எடுத்தார்கள். புராஸ்டேட் புற்றுநோய், அதன் தீவிரத்தைச் சொல்லும் கிளீசன் தரம் 4+4=8. எம்.ஆர்.ஐ.யில் கட்டி இடது பக்கம் சுரப்பியின் உறையை முட்டிக்கொண்டு நிற்கிறது, விந்துப்பைகளைத் தொடவில்லை. சி.டி., போன் ஸ்கேன் இரண்டிலும் ஒன்றுமில்லை. ரோபோ மூலம் சுரப்பியை அகற்ற நாளும் குறித்தாகிவிட்டது. இந்த நேரத்தில் இரண்டாவது கருத்துக்காகப் பார்த்த மருத்துவர், "ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன் எடுத்துவிடுங்கள்" என்று சொல்ல, எடுத்தார்கள். சுரப்பியில் உள்ள கட்டி பளிச்சென்று தெரிகிறது, ஒளிர்வின் அளவான எஸ்.யூ.வி. 21. நிணநீர் முடிச்சுகளில் எதுவும் இல்லை. ஆனால் இடது ஏழாவது விலா எலும்பின் முன்பகுதியில் ஒரே ஒரு மங்கலான புள்ளி, எஸ்.யூ.வி. 4. அதே இடத்தில் சி.டி. படத்தில் மாற்றம் எதுவும் இல்லை. ரிப்போர்ட்டின் கடைசி வரி, "உறுதியாகச் சொல்ல இயலாதது, பரவல் என்பதை ஒதுக்கவும் இயலாது" என்று முடிகிறது.

குடும்பத்தை நிலைகுலைய வைத்தது அந்த வரிதான். "எலும்புக்குப் போய்விட்டதென்றால் நான்காம் கட்டம்தானே, அப்புறம் எதற்கு ஆபரேஷன்?" என்று கேட்கிறார் மகள். அறுவை சிகிச்சை மருத்துவர் "போன் ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது, இதை விட்டுத்தள்ளுங்கள்" என்கிறார். இரண்டாவது மருத்துவர் விலா எலும்பில் பயாப்ஸி எடுக்கலாம், பயமாக இருந்தால் ஆண் ஹார்மோனைத் தடுக்கும் ஹார்மோன் மாத்திரையை இப்போதே தொடங்கலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். மாத்திரை வாங்கியாகிவிட்டது, இன்னும் கொடுக்கவில்லை. நிணநீர் முடிச்சுகள் சுத்தம் என்று பெட் சொல்லிவிட்டதால் அவற்றை எடுக்க வேண்டாம் என்று கேட்கலாமா, உறவினர் ஒருவருக்கு அப்படி எடுத்த பிறகு கால் வீங்கிப் போனதே என்பது இன்னொரு கேள்வி. ஸ்கேன் அன்று காலையில் சர்க்கரை 190 இருந்ததால் படமே தப்பாக வந்திருக்குமோ, அன்று இரவு இரண்டு வயதுப் பேரன் தாத்தாவோடு படுத்துக்கொண்டானே என்ற கவலைகளும் உண்டு. கடைசியாக ஒன்று: அப்பாவிடம் "ஸ்கேன் நல்லபடியாக வந்திருக்கிறது" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். அவருக்குத் தெரியாமலேயே ஆபரேஷனைத் தள்ளிப்போட முடியுமா என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் பெரிய கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பிறகு நிதானமாகப் படிக்கலாம். அப்பாவுக்கு நான்காம் கட்டம் என்று இதுவரை யாரும் சொல்லவில்லை, அந்த ரிப்போர்ட் உட்பட. "பரவல் என்பதை ஒதுக்க இயலாது" என்பது படம் பார்த்த மருத்துவர் தன் சந்தேகத்தை நேர்மையாக எழுதிய வரி. அதை "பரவிவிட்டது" என்று நீங்கள் படித்துவிட்டீர்கள். நீங்கள் எழுதிய விவரங்களை வைத்துப் பார்த்தால் அந்தப் புள்ளி புற்றுநோயாக இல்லாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். அதை மட்டும் காரணமாக வைத்து, குணப்படுத்தும் நோக்கத்தில் செய்யும் சிகிச்சையைக் கைவிட்டுவிடக் கூடாது. படங்களை நான் நேரில் பார்க்கவில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இந்த ஸ்கேன் எதைப் பார்க்கிறது

பி.எஸ்.எம்.ஏ. என்பது புராஸ்டேட் செல்களின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு புரதம். பெரும்பாலான புராஸ்டேட் புற்றுநோய்களில் அது மிக அதிகமாக இருக்கும். அந்தப் புரதத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் சிறு மூலக்கூறில் காலியம் 68 அல்லது ஃபுளோரின் 18 என்ற கதிரியக்க அணுவைக் கோத்து ஊசியாகப் போடுகிறார்கள். ஒன்று, ஒன்றரை மணி நேரம் கழித்து அது எங்கெங்கே தங்கியிருக்கிறது என்று படம் எடுக்கிறார்கள். போன் ஸ்கேன் அப்படியல்ல. புற்றுநோய் வந்ததால் எலும்பு தன்னைச் சரிசெய்ய முயல்கிறதே, அந்த எதிர்வினையைத்தான் அது காட்டும். சி.டி. ஒரு நிணநீர் முடிச்சு பெரிதாக இருக்கிறதா என்று அளவைப் பார்க்கும். இரண்டுமே நோயின் பின்விளைவைப் பார்க்கின்றன, பி.எஸ்.எம்.ஏ. பெட் நோய் செல்லையே தேடுகிறது. முந்துவது அதனால்தான்.

எவ்வளவு முந்துகிறது என்பதற்கு 2020இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு நல்ல சாட்சி. அப்பாவைப் போல அதிக ஆபத்துப் பிரிவில் இருந்த 302 ஆண்களை, அறுவை சிகிச்சைக்கோ கதிர்வீச்சுக்கோ முன்னால், இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு முதலில் சி.டி.யும் போன் ஸ்கேனும், இன்னொன்றுக்கு முதலில் பி.எஸ்.எம்.ஏ. பெட். பரவலைச் சரியாகச் சொன்னதில் பெட்டின் துல்லியம் 92 சதவீதம், பழைய ஸ்கேன்களுடையது 65. சிகிச்சைத் திட்டம் மாறியது பெட் எடுத்தவர்களில் 28 சதவீதம், மற்றவர்களில் 15 சதவீதம். "உறுதியாகச் சொல்ல முடியவில்லை" என்ற பதில் பெட்டில் 7 சதவீதம்தான், பழைய ஸ்கேன்களில் 23. ஸ்கேனால் உடம்பில் படும் கதிர்வீச்சும் பாதிக்குக் கீழே, பெட்டில் 8.4 மில்லிசீவெர்ட், பழைய ஸ்கேன்களில் 19.2. ஆகவே பெட் எடுக்கச் சொன்ன மருத்துவர் வீண் செலவு வைக்கவில்லை. கிளீசன் 8 என்பதே அப்பாவை அதிக ஆபத்துப் பிரிவில் வைத்துவிடுகிறது, அந்தப் பிரிவினருக்கு இது தகுந்த பரிசோதனைதான்.

ஆனால் உங்கள் அறுவை சிகிச்சை மருத்துவர் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. மேலே சொன்ன ஆய்வு அளந்தது படத்தின் துல்லியத்தை, நோயாளிகளின் ஆயுளை அல்ல. எந்தக் கட்டத்துக்கு எந்தச் சிகிச்சை என்று இன்று நாம் பின்பற்றும் விதிகளில் பெரும்பகுதி, சி.டி.யும் போன் ஸ்கேனும் வைத்துக் கட்டம் பிரித்த ஆயிரக்கணக்கான நோயாளிகளிடமிருந்து வந்தவை. அந்த ஆய்வுகளில் "பரவவில்லை" என்று எழுதப்பட்டவர்களில் எத்தனையோ பேருக்கு பெட் எடுத்திருந்தால் ஏதாவது ஒரு புள்ளி தெரிந்திருக்கும். அவர்களும் அதே சிகிச்சையைப் பெற்றுப் பலனடைந்தவர்கள்தான். பெட்டில் மட்டும் தெரியும் ஒரு சின்னப் புள்ளிக்காக ஒருவரை நேராக நான்காம் கட்டப் பட்டியலில் சேர்ப்பது சரியல்ல என்று சொல்வது இதனால்தான். அதற்காக "விட்டுத்தள்ளுங்கள்" என்பதும் எனக்கு உடன்பாடில்லை. எடுத்த பரிசோதனையை முழுமையாகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் ஒதுக்க வேண்டும்.

சர்க்கரைக் கவலையை இங்கேயே தீர்த்துவிடலாம். மற்ற பல புற்றுநோய்களுக்கு எடுக்கும் பெட் ஸ்கேனில் போடுவது குளுக்கோஸ் போன்ற ஒரு மருந்து. அதற்குத்தான் வெறும் வயிறும் சர்க்கரைக் கட்டுப்பாடும் வேண்டும். புராஸ்டேட் புற்றுநோய் பொதுவாக அவ்வளவு சர்க்கரையை இழுக்காது, அதனால் அந்த பெட் இதில் பெரிதாக உதவுவதில்லை. பி.எஸ்.எம்.ஏ. மருந்துக்கும் சர்க்கரைக்கும் சம்பந்தமே இல்லை. 190 இருந்தாலும் படம் சரியான படம்தான்.

பேரனைப் பற்றியும் பயப்பட வேண்டாம். ஃபுளோரின் 18 ஒவ்வொரு 110 நிமிடத்துக்கும் பாதியாகக் குறையும், காலியம் 68 இன்னும் வேகமாக, 68 நிமிடத்தில். காலை பத்து மணிக்குப் போட்ட ஃபுளோரின் ஊசியில் இரவு பத்து மணிக்கு மிஞ்சுவது ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. ஊசி போட்ட முதல் சில மணி நேரம் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் மடியோடு அணைத்து வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்வார்கள், அவ்வளவுதான்.

அந்த ஏழாவது விலா எலும்பு

பி.எஸ்.எம்.ஏ. என்ற பெயரின் விரிவில் "புராஸ்டேட்டுக்கே உரிய" என்று ஒரு சொல் வருகிறது. அதை அப்படியே நம்பினால் ஏமாந்துபோவோம். உமிழ்நீர்ச் சுரப்பிகள், கண்ணீர்ச் சுரப்பிகள், சிறுநீரகம், சிறுகுடலின் தொடக்கம் எல்லாமே எல்லோருடைய படத்திலும் ஒளிரும். நரம்பு முடிச்சுகள் சில நேரம் நிணநீர் முடிச்சு போல ஏமாற்றும். எலும்பில் ஆறிக்கொண்டிருக்கும் முறிவு, சில தீங்கற்ற எலும்புக் கட்டிகள், பேஜெட் நோய் போன்றவையும் இந்த மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இப்படி ஏமாற்றும் இடங்களில் விலா எலும்புக்கு முதல் வரிசை. அனுபவமுள்ள அணு மருத்துவ நிபுணர்கள் ஒற்றை விலாப் புள்ளியைக் கண்டதும் பதறாமல் சந்தேகப்படுவார்கள்.

அப்பாவின் ரிப்போர்ட்டில் நான் முதலில் தேடுவது ஊசி மருந்தின் பெயரை. பெரும்பாலும் "பரிசோதனை முறை" என்ற பகுதியில் இருக்கும், யாரும் படிப்பதில்லை. அங்கே பி.எஸ்.எம்.ஏ. 1007 என்று இருக்கிறதா பாருங்கள். ஃபுளோரின் சேர்த்த இந்த மருந்து அதிகமும் பித்தத்தின் வழியாக வெளியேறுகிறது. சிறுநீர்ப்பையில் குறைவாகத் தேங்குவதால் புராஸ்டேட் பகுதி தெளிவாகத் தெரியும், அது நல்ல விஷயம். ஆனால் எலும்பில், முக்கியமாக விலா எலும்புகளில், காரணமே இல்லாத மங்கலான புள்ளிகளை மற்ற மருந்துகளைவிட அதிகமாகக் காட்டும் பழக்கமும் அதற்கு உண்டு. அந்த மருந்தாக இருந்தால் உங்கள் கவலையில் பாதியை இப்போதே இறக்கி வைத்துவிடலாம்.

அடுத்து, ஒளியின் அளவு. எஸ்.யூ.வி. என்பது மருந்து எவ்வளவு செறிவாக ஏறியிருக்கிறது என்பதைக் காட்டும் எண். கட்டியில் 21 என்பதைப் பார்த்து மிரண்டிருக்கிறீர்கள். அந்த எண் நோய் எங்கே பரவியது என்பதைச் சொல்லாது. நமக்கு அதில் ஒரு லாபம்கூட இருக்கிறது. புராஸ்டேட் புற்றுநோய்களில் சிறு பங்கு பி.எஸ்.எம்.ஏ.வைக் காட்டவே காட்டாது, அப்படிப்பட்டவர்களிடம் இந்த ஸ்கேன் குருடு. அப்பாவின் கட்டி அந்த ரகம் இல்லை. மூலக் கட்டியே 21 என்று எரியும்போது அதிலிருந்து கிளம்பிப் போன செல்களும் ஓரளவு பிரகாசமாக இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். விலாவில் இருப்பதோ வெறும் 4. எப்போதும் இப்படித்தான் என்று சத்தியம் செய்ய முடியாது, ஆனால் தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெரிகிறது.

மூன்றாவது விஷயத்துக்கு அப்பாவின் உதவி வேண்டும். சமீப மாதங்களில் அவர் எங்காவது வழுக்கி விழுந்தாரா? கட்டில் விளிம்பிலோ வண்டியிலோ நெஞ்சில் இடித்துக்கொண்டாரா? வாரக்கணக்கில் பலத்த இருமல் இருந்ததா? விலா எலும்பில் மயிரிழை விரிசல் விழுந்து தானாக ஆறிப்போவது வயதானவர்களிடம் சாதாரணம், பல பேர் அதை "பிடிப்பு" என்று தைலம் தேய்த்துக் கடந்துவிடுவார்கள். சி.டி.யில்கூடத் தெரியாத அந்த விரிசல் பெட்டில் ஒளிரும். இந்த ஒரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்கவில்லை. எப்படிக் கேட்க முடியும், புள்ளி இருப்பதையே அவரிடம் மறைத்துவிட்டீர்களே.

இனி உங்கள் முன் இருக்கும் வழிகள். முதலாவது, செலவில்லாத வழி: ஸ்கேன் படங்களை, ரிப்போர்ட் தாளை மட்டுமல்ல, முழுப் படங்கள் உள்ள குறுந்தட்டு அல்லது இணைய இணைப்பை வாங்கி, பி.எஸ்.எம்.ஏ. பெட் நிறையப் படிக்கும் இன்னொரு அணு மருத்துவ நிபுணரிடம் காட்டுங்கள். மறு வாசிப்பிலேயே பல புள்ளிகள் கரைந்துவிடும். இரண்டாவது, அந்த இடத்துக்கு மட்டும் மெல்லிய வெட்டுகளில் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. மூன்றாவது, வேறு பி.எஸ்.எம்.ஏ. மருந்தில் மறுபடி பெட். இதை நான் சுலபத்தில் பரிந்துரைக்க மாட்டேன், ஆனால் முதல் மருந்து 1007ஆக இருந்து சந்தேகம் தீராவிட்டால் யோசிக்கலாம்.

நான்காவது, பயாப்ஸி. கேட்பதற்கு இதுதான் உறுதியான வழி போலத் தோன்றும். ஆனால் ஊசியை வழிநடத்துவது சி.டி., அந்த சி.டி.யிலோ எதுவும் தெரியவில்லை. அப்படியிருக்க எந்த மில்லிமீட்டரைக் குத்துவது? ஒன்றும் கிடைக்காமல் திரும்பினால் "இல்லை" என்றும் நம்ப முடியாது, விலாவுக்கு அடியில் நுரையீரல் இருப்பதால் காற்றுக் கசியும் ஆபத்தும் உண்டு. சி.டி.யில் தெரியும் ஒரு மாற்றமோ, பிரகாசமான புள்ளியோ, ஒன்றுக்கு மேற்பட்ட புள்ளிகளோ இருந்திருந்தால் பயாப்ஸிக்கு நானே வாதாடியிருப்பேன். இப்போதைக்கு வேண்டாம் என்பது என் கருத்து.

ஐந்தாவது, திட்டமிட்டபடி சிகிச்சைக்குப் போய்விட்டு, பி.எஸ்.ஏ.வைச் சாட்சியாக வைத்துக்கொள்வது. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சுரப்பியை முழுதாக எடுத்துவிட்டால் ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் பி.எஸ்.ஏ. கண்டறிய முடியாத அளவுக்கு இறங்க வேண்டும். இறங்கிவிட்டால், விலாவில் பி.எஸ்.ஏ. சுரக்கும் புற்றுநோய் இருக்கிறது என்ற சந்தேகம் பெரும்பாலும் அடிபட்டுப்போகும். இறங்காமல் நின்றால் எங்கோ மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம், அப்போது அந்தப் புள்ளியையும் இடுப்பு நிணநீர் முடிச்சுகளையும் மறுபடி தேடலாம். பெட் தராத பதிலை ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனை தந்துவிடும். ஒரே நிபந்தனை, இடையில் ஹார்மோன் மருந்து எதுவும் புகுந்திருக்கக் கூடாது.

வாங்கி வைத்திருக்கும் மாத்திரை

அதனால்தான் அந்த மாத்திரையை இன்னும் கொடுக்காதது நல்லது என்கிறேன். "பயத்துக்கு ஒரு மாத்திரை" என்று தொடங்கும் விஷயம் அல்ல அது. ஹார்மோன் சிகிச்சை பி.எஸ்.ஏ.வை இறக்கிவிடும், புள்ளி புற்றுநோயா இல்லையா என்று சொல்லவிருந்த சாட்சி கலைந்துபோகும். பெட்டில் பி.எஸ்.எம்.ஏ. ஒளிர்வையும் அது மாற்றிவிடும், முதல் சில வாரங்களில் கூட்டலாம், நாள்பட்டால் குறைக்கும். எடுத்த சுரப்பியை நுண்ணோக்கியில் பார்த்து கிளீசன் தரம் போடுவதும் சிரமமாகிவிடும். அறுவை சிகிச்சைக்கு முன் ஹார்மோன் கொடுப்பது வழக்கமான சிகிச்சையும் அல்ல. கதிர்வீச்சைத் தேர்ந்தெடுத்தால் கதை வேறு, அப்பாவின் ஆபத்துப் பிரிவில் கதிர்வீச்சோடு ஒன்றரை முதல் மூன்று வருடம் ஹார்மோன் கொடுப்பதுதான் முறை. ஆகவே முதலில் எந்த வழி என்று முடிவு, அப்புறம் மாத்திரை. எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே இதை வெளிப்படையாகப் பேசுங்கள், சொல்லாமல் நிறுத்தி வைக்காதீர்கள்.

முடிவெடுக்க இரண்டு மூன்று வாரம் கூடுதலாக ஆனால் நோய் கைமீறிவிடும் என்ற பயமும் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. புராஸ்டேட் புற்றுநோய் அந்த வேகத்தில் ஓடுவதில்லை, கிளீசன் 8 உட்பட. மறு வாசிப்புக்கு நேரம் இருக்கிறது. மாதக்கணக்கில் தள்ளிப்போடத்தான் கூடாது.

நிணநீர் முடிச்சுகள் சுத்தம் என்றால்

விலா எலும்பு விஷயத்தில் ஸ்கேனை அளவுக்கு மீறி நம்பிப் பயந்தீர்கள். இங்கே அளவுக்கு மீறி நம்பி நிம்மதியடைகிறீர்கள். எனக்கு இரண்டாவதுதான் அதிகக் கவலை தருகிறது.

இரவில் மலை உச்சியிலிருந்து ஊரைப் பார்த்தால் தெருவிளக்கு தெரியும், வீட்டுக்குள் எரியும் அகல்விளக்கு தெரியாது. பெட்டும் அப்படித்தான். ஓரிரு மில்லிமீட்டர் அளவில் ஒரு நிணநீர் முடிச்சுக்குள் ஒளிந்திருக்கும் புற்றுநோயை அதனால் பார்க்க முடியாது. கலிஃபோர்னியாவின் இரண்டு பல்கலைக்கழக மருத்துவமனைகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், பி.எஸ்.எம்.ஏ. பெட் எடுத்த பிறகு அறுவை சிகிச்சை செய்துகொண்ட 277 பேரின் நிணநீர் முடிச்சுகளை நுண்ணோக்கியில் வைத்து ஒப்பிட்டார்கள். முடிச்சில் உண்மையிலேயே புற்றுநோய் இருந்த பத்துப் பேரில் பெட் கண்டுபிடித்தது நான்கு பேரைத்தான். இல்லாத நூறு பேரில் 95 பேருக்கு "இல்லை" என்று சரியாகச் சொன்னது. சுருங்கச் சொன்னால், பெட் இடுப்பு முடிச்சைக் காட்டிக் கை நீட்டினால் நம்பலாம், கை நீட்டாமல் இருப்பதை நம்பி முடிவெடுக்கக் கூடாது.

அப்பாவின் கிளீசன், பி.எஸ்.ஏ., உறையை முட்டும் கட்டி மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், நான் அறுவை சிகிச்சை செய்வதாக இருந்தால் இடுப்பின் இரு பக்கத்திலும் நிணநீர் முடிச்சுகளை விரிவாக எடுக்கவே செய்வேன். இதற்கு விலை இல்லாமல் இல்லை. ஆபரேஷன் நேரம் கூடும், நிணநீர் தேங்கிக் கட்டி போல வீங்கலாம், சிலருக்குக் கால் வீக்கம் வரும். உங்கள் உறவினருக்கு நடந்தது கற்பனையல்ல. முடிச்சுகளை எடுப்பதால் ஆயுள் கூடுகிறது என்பது ஐயமில்லாமல் நிரூபிக்கப்படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் நோய் எதுவரை போயிருக்கிறது என்பதை அதைவிடத் துல்லியமாகச் சொல்லும் வழி இன்று வேறு இல்லை. அடுத்து கதிர்வீச்சு வேண்டுமா, எந்தப் பகுதிக்கு என்ற முடிவு அந்தப் பதிலில் தொங்குகிறது. வேண்டாம் என்று சொல்ல அப்பாவுக்கு உரிமை உண்டு. "பெட் சுத்தம்" என்பதை மட்டும் அதற்குக் காரணமாக வைக்காதீர்கள்.

விறைப்புக்கான நரம்புகளைக் காப்பாற்ற முடியுமா என்று ஓரிடத்தில் தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு பெட்டைவிட எம்.ஆர்.ஐ.யும் பயாப்ஸி வரைபடமும்தான் வழிகாட்டி. கட்டி இடது பக்க உறையை முட்டுவதால் அந்தப் பக்கம் கடினம், வலது பக்கம் முயற்சி செய்யலாம். அப்பாவே மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டிய விஷயம் இது.

ஒருவேளை நிஜமாகவே பரவியிருந்தால்

எல்லாம் முடிந்தது என்று அர்த்தமில்லை. 2018இல் பிரிட்டனில் வெளியான ஸ்டாம்பீட் ஆய்வில், எலும்பில் குறைந்த அளவே பரவியிருந்தவர்களுக்கு வழக்கமான மருந்தோடு புராஸ்டேட்டுக்குக் கதிர்வீச்சும் கொடுத்தபோது மூன்று வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 81 சதவீதம், கொடுக்காதவர்களில் 73 சதவீதம். அதாவது பரவிய பிறகும் மூலக் கட்டியைக் கவனிப்பதில் பலன் இருக்கிறது. ஆனால் அந்தப் பலன் நிரூபணமானது கதிர்வீச்சில், அறுவை சிகிச்சையில் அல்ல. ஆகவே விலாப் புள்ளி உறுதியானால் நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கதிர்வீச்சு மருத்துவரிடம் அனுப்புவேன். உறுதியாகாத இன்றைய நிலையிலும் ஒருமுறை அவரைப் பார்த்துவிடுங்கள். அறுவை சிகிச்சை மருத்துவர்கள் அறுவை சிகிச்சையையே சொல்லுவோம் என்ற புகாரில் உண்மை இல்லாமல் இல்லை. அப்பாவின் நிலையில் கதிர்வீச்சும் ஹார்மோனும் சேர்ந்த வழி, அறுவை சிகிச்சைக்குச் சமமாக நிற்கக்கூடிய மாற்று.

அப்பாவிடம் சொல்வது

அவருக்குத் தெரியாமல் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டீர்கள். முடியாது, முயலவும் வேண்டாம். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடப்போவது அவர். சிறுநீர் கசிவு, விறைப்புக் குறைவு போன்ற விளைவுகளோடு வாழப்போவதும் அவர். தன் உடம்பில் என்ன தெரிந்தது என்பதை அறியவும், படங்களின் நகலை வாங்கவும், இரண்டாவது, மூன்றாவது கருத்து கேட்கவும் அவருக்கு உரிமை இருக்கிறது. தெரிந்தே மறைத்து வாங்கிய சம்மதத்தின் பேரில் எந்த மருத்துவரும் கத்தி எடுக்க விரும்ப மாட்டார். "எனக்கு விவரம் வேண்டாம், பிள்ளைகள் பார்த்துக்கொள்ளட்டும்" என்று அவரே சொன்னால் அதுவும் அவர் உரிமைதான். ஆனால் அதை அவர் வாயால் சொல்ல வேண்டும்.

எப்படிச் சொல்வது என்றுதானே தயங்குகிறீர்கள்? உங்களுக்குத் தெரிந்த அளவையே சொல்லுங்கள்: "கட்டி சுரப்பியில்தான் இருக்கிறது அப்பா. விலா எலும்பில் ஒரு சின்னப் புள்ளி தெரிகிறது, பெரும்பாலும் ஒன்றுமில்லை என்கிறார்கள், உறுதி செய்ய இன்னொரு டாக்டரிடம் காட்டப்போகிறோம். நீங்கள் சமீபத்தில் எங்காவது விழுந்தீர்களா?" இதில் பொய்யும் இல்லை, பயமுறுத்தலும் இல்லை. "நல்லபடியாக வந்திருக்கிறது" என்று முன்பு சொன்னதைப் பற்றிக் கேட்டால், பயந்துபோய்ச் சொல்லவில்லை என்று ஒத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த சந்திப்புக்கு அப்பாவையும் அழைத்துக்கொண்டு போங்கள். அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, அணு மருத்துவம், நோய்க்குறியியல் மருத்துவர்கள் சேர்ந்து உட்கார்ந்து பேசும் கூட்டத்தில் அப்பாவின் விவரத்தை வைக்க முடியுமா என்று கேளுங்கள். பல மருத்துவமனைகளில் வாராவாரம் அப்படி ஒரு கூட்டம் நடக்கிறது. அங்கே கேட்க வேண்டியது "இது புற்றுநோயா இல்லையா" என்பதை அல்ல, அதற்கு யாராலும் இன்று உறுதியாகப் பதில் சொல்ல முடியாது. "இந்தப் புள்ளியால் எங்கள் திட்டத்தில் எது மாறுகிறது, மாறவில்லை என்றால் அதைப் பின்னால் எப்படிக் கண்காணிப்பீர்கள்?" என்று கேளுங்கள். வரும் பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆபரேஷன் என்று முடிவானால், அதற்கு முன் ஒரு பி.எஸ்.ஏ.வும் அதற்குப் பின் ஆறு முதல் எட்டு வாரத்தில் ஒரு பி.எஸ்.ஏ.வும் ஒரே ஆய்வகத்தில் எடுங்கள். ஆய்வகம் மாறினால் அளக்கும் முறையும் மாறும், அந்தச் சின்ன வித்தியாசத்துக்காக மறுபடி ஒரு முறை தூக்கம் கெட வேண்டியிருக்கும்.